வெள்ளைக் கல்லைத் தாண்டிய அக்கா

அக்காவின் உயிர் பிரிந்தபோது கட்டிலருகே இருந்தவர்கள்: எங்கள் அம்மா. நான். என் மகள். ஊசி போட வந்த நர்ஸ் அம்மா ஒருவர். அது பெண்கள் வார்டு. பார்க்கும் நேரம் முடிந்திருந்தது. ஆண்களை உள்ளே விடவில்லை. கதவுக்கு வெளியே நின்றவர்கள்: எங்கள் அப்பா. என் வீட்டுக்காரர். அக்காவின் ஆபீஸ் ஜீப்பை ஓட்டும் குணே மாத்தயா. அப்பா கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றார். நர்ஸ் அம்மா திரும்பிப் பார்த்தபோது அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு வருஷம் ஆகிறது. நினைவு மலரில் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். கொழுந்து எடுக்கிறவள். என் மகள் எழுத்துப் பிழையை மட்டும் திருத்தினாள். மற்றபடி நான் சொன்னதுதான்.

அக்கா பூண்டுலோயாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் லயத்தில், வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவில் பிறந்தார். நானும் அங்கேயே பிறந்தேன். அம்மா கொழுந்து எடுத்தார். அப்பாவுக்கு மழைத் தண்ணீர் ஓடக் கான் வெட்டும் வேலை. லயத்துக்கு மேலே மலையில் இருக்கும் முனியாண்டி கோயிலுக்கு அப்பாதான் பூசாரி.

எங்கள் லயத்தில் மழைக்காலத்தில் யாரும் நன்றாகத் தூங்குவதில்லை. பின்பக்கம் மண் மேடு. சத்தம் வருகிறதா என்று ஒரு காது விழித்தே இருக்கும். நான் போர்வைக்குள் தலையை விட்டுக்கொள்வேன். அக்கா அப்படி இல்லை. அவருக்கும் பயம்தான், ஆனால் பயம் வந்தால் எழும்பிப் போய்ப் பார்ப்பார். சுவரில் வெடிப்பு இருந்தால் அதில் ஈர்க்குக் குச்சியைச் செருகி வைப்பார். காலையில் குச்சி கீழே கிடந்தால் வெடிப்பு பெரிதாகிவிட்டது என்பார். இதற்காக அம்மாவிடம் அடியும் வாங்கினார்.

"வெடிப்புல குச்சி சொருகுறா பாரு. வீடு விழணும்னு வேண்டிக்கிறியாடி?"

"விழுமான்னு பாக்குறேம்மா."

படிப்பில் அக்கா கெட்டிக்காரர். உயர்தரத்தில் கணிதம் எடுத்தார். எங்கள் பள்ளிக்கூடத்தில் அது கிடையாது. முதல் பஸ்ஸில் டவுனுக்குப் போக வேண்டும். வகுப்பில் பெண் பிள்ளைகள் இரண்டே பேர். மாமா வீட்டுக்கு வந்து சத்தம் போட்டார். "பொட்டப் புள்ளைக்கு டீச்சர் வேலை போதும் மச்சான். காலையில போனா மத்தியானம் வீட்டுல இருப்பா. கணக்குப் படிச்சு எந்தப் பாலத்தக் கட்டப் போறா?" ஆனால் அப்பா விடிவதற்கு முன்பு டார்ச் எடுத்துக்கொண்டு அக்காவை பஸ் ஏற்றிவிட்டு வருவார். பெண் பிள்ளை தனியாகப் போகிறாளே என்று அவருக்கும் பயம். பயந்துகொண்டேதான் கூட்டிப் போனார்.

அக்கா பல்கலைக்கழகத்தில் மண்ணும் பாறையும் படிக்கிற படிப்பு படித்தார். மலை சரியுமா என்று பார்த்துச் சொல்லும் ஆபீசில் வேலை கிடைத்தது. எங்கள் தோட்டத்திலிருந்து அப்படி ஒரு வேலைக்குப் போனவர் அதுவரை யாரும் இல்லை.

வேலை கிடைத்ததும் கஷ்டம் தீர்ந்தது என்று நினைத்தோம். தீரவில்லை. ஆண்கள் மலைக்குப் போனார்கள். அக்காவை மேசையில் உட்கார்த்தி மழைக் கணக்கு எழுதச் சொன்னார்கள். கேட்டதற்கு, "மலையில கக்கூஸ் இல்ல மிஸ், உங்களுக்குக் கஷ்டம்" என்றார்களாம். அக்கா திருப்பிக் கேட்டாராம்: "அந்த மலையிலதான் எங்கம்மா முப்பது வருஷம் கொழுந்து எடுத்தாங்க. அவங்களுக்கு எங்க சார் இருந்துச்சு?"

அதன் பிறகு அனுப்பினார்கள். பூட்ஸ் கொடுத்தார்கள். ஆம்பிளை அளவு. முன்னால் துணி திணித்துப் போட்டுக்கொள்வார். தோட்டங்களுக்குப் போனால் அவரை ஆபீசர் என்று யாரும் நினைப்பதில்லை. ஒரு லயத்தில் ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, "தடுப்பூசியா மிஸ்?" என்று கேட்டதை எங்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

கல்யாணம் அமையவில்லை. காடு மேடு ஏறுகிற பெண் வேண்டாம் என்று இரண்டு இடத்தில் சொன்னார்கள். அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாங்கள்தான் எடுத்துக்கொண்டோம்.

எல்லோரும் கேட்கிற விஷயத்தை இனி எழுதுகிறேன்.

முனியாண்டி கோயிலுக்குப் பெண்கள் போகக் கூடாது. பாதையில் சுண்ணாம்பு அடித்த ஒரு கல் இருக்கும். அதுதான் எல்லை. ஆடிப் பூசைக்கு ஆண்கள் மேலே போய் ஆடு வெட்டி, அங்கேயே சமைத்து, அங்கேயே சாப்பிட்டுவிட்டு வருவார்கள். எங்களுக்குத் திருநீறு மட்டும் வரும். கல்லைத் தாண்டினால் சாமி அடித்துவிடும் என்று சொல்லி வளர்த்தார்கள். நானும் என் பிள்ளையிடம் அப்படித்தான் சொன்னேன்.

அந்த வருஷம் மழைக்கு முன்பு அப்பா அக்காவுக்கு போன் பண்ணி, சாமி இடத்தில் நிலம் நீளமாக வாய் விட்டிருக்கிறது என்றார். அக்கா உடனே வந்தார். ஆனால் கல்லைத் தாண்டவில்லை. அப்பாவின் மனசை நோகடிக்க அவருக்கு விருப்பமில்லை. இவர் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அந்தப் பக்கம் நின்ற அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தார். வெடிப்புக்கு இரண்டு பக்கமும் இரும்பு முளை அடிக்க வேண்டும். ஒரு முளைக்கும் மற்ற முளைக்கும் நடுவில் எவ்வளவு என்று டேப் பிடித்துப் பார்க்க வேண்டும். அளவு கூடினால் நிலம் நகர்கிறது என்று அர்த்தம். அப்பா வெள்ளிக்கிழமை விளக்கு வைத்துவிட்டு அளந்து பார்த்து, அளவை போனில் சொல்வார். டேப்பைக் கோயில் மாடத்திலேயே வைத்திருந்தார். "நானும் ஒங்கக்கா ஆபீசுலதான் வேல பாக்குறேன்" என்று என்னிடம் சொல்லுவார்.

வாரம் போகப் போக அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. பிறகு ஆடிப் பூசை வந்தது. பூசை முடிந்த வெள்ளிக்கிழமை அளவு குறைந்துவிட்டது. அப்பாவுக்குச் சந்தோஷம். என் பக்கத்தில் நின்றுதான் போனில் பேசினார்.

"பெரிய புள்ள, நெலம் சேருது. சாமி மூடுறாரு."

அக்கா, "போனைத் தங்கச்சிகிட்ட குடுங்கப்பா" என்றார்.

என்னிடம் சொன்னார்: "பொளந்த நெலம் சேராதுடி. அங்க என்னமோ நடந்திருக்கு. நான் வர்றேன்."

வரும்போது நல்ல மழை. நாலு நாளாக விடவில்லை. கான் எல்லாம் சிவப்புத் தண்ணீர். ஜீப்பை லயத்துக் கோடியில் நிறுத்திவிட்டு அக்கா நேராகப் பாதையில் ஏறினார். அப்பா வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போயிருந்தார். அக்கா ஆண்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பார்த்தார், ஒருவரும் வரவில்லை. குணே மாத்தயா கல் வரைக்கும் வந்து, அந்தச் சாமிக்குத் தானும் பயம் என்று சொல்லி அங்கேயே நின்றுவிட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். "நீ வர்றியா?"

"பொம்பளைங்க போகக் கூடாதுக்கா."

"தெரியும். வர்றியா?"

போகப் பயம். அக்காவைத் தனியாக விடவும் பயம். எது பெரிய பயம் என்று பார்த்தேன். செருப்பைக் கழற்றிக் கல்லின் பக்கத்தில் வைத்துவிட்டு அக்காவின் பின்னால் போனேன். சாமி எந்த நேரமும் அடிக்கும் என்று நினைத்து முதுகு கூசியது. அக்கா பூட்ஸைக் கழற்றவில்லை. "சாமி மன்னிக்கட்டும், வழுக்கும்" என்றார்.

கோயில் முன்னால் புதிதாகச் சிமெந்து பூசியிருந்தார்கள். பூசைக்கு வருகிறவர்கள் கால் வைக்க வசதியாக, சாமி இடம் பிளந்து கிடந்தால் குறை என்று, வெடிப்பை மண் போட்டு அடைத்து மேலே சிமெந்து போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. அது பெண்கள் போகிற இடம் இல்லையே.

அந்தச் சிமெந்து நடுவில் வெடித்திருந்தது. அக்கா குடையை மடக்கி உள்ளே விட்டார். கைப்பிடி வரைக்கும் போனது. அக்கா தரையில் படுத்துக் காதை வைத்தார். என்னையும் வைக்கச் சொன்னார். உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம். நான் நின்ற தரைக்குக் கீழே.

அக்கா எழும்பி உட்கார்ந்தார். முகம் வெளுத்துவிட்டது. என் கையைப் பிடித்தார்.

"பயமா இருக்குடி."

"எனக்கும்தான். வாக்கா போயிருவோம்."

"இரு. அளந்துட்டுப் போவோம்."

குனிந்து அளந்தார். நான் டேப்பின் ஒரு முனையைப் பிடித்தேன். இரண்டாவது தடவையும் அளந்தார். எழுதிக்கொண்டார். அதன் பிறகுதான் இறங்கினோம்.

கல்லடியில் ஆட்கள் கூடியிருந்தார்கள். அப்பாவும் வந்திருந்தார்.

"ரெண்டு பேரும் சாமிய நல்லாப் பாத்துட்டீங்களா?" என்றார் ஒருவர்.

"இனிமே மழை விட்ட மாதிரிதான். பொம்பள ஏறுன மலை எப்பிடி நிக்கும்?" என்றார் இன்னொருவர்.

அக்கா அவர்களைப் பார்க்கவில்லை. "அப்பா, முளையப் புடுங்குனீங்களா?"

"பூசைக்குத்தான் புள்ள. ஆட்டக் கட்ட எடஞ்சலா இருந்துச்சு. பூச முடிஞ்சதும் திரும்ப அடிச்சிட்டோம்ல."

"எங்க அடிச்சீங்க?"

"அதே எடத்துலதான்."

"அதே எடம்னு எப்பிடிப்பா தெரியும்?"

அப்பா மலையைத் திரும்பிப் பார்த்தார்.

அக்கா ஆபீசுக்குப் போன் பண்ணினார். பெரியவர் சிங்களத்தில் கேட்டது எனக்கும் புரிந்தது. நிச்சயமா மிஸ், இல்லை பயமா என்று கேட்டார். அக்கா, "ரெண்டும்தான் சார்" என்றார். நாளைக்கு ஒருவரை அனுப்புகிறேன், பொறுங்கள் என்று அவர் சொல்லிவிட்டார்.

அக்கா பொறுக்கவில்லை. காம்பரா காம்பராவாகப் போய், பிள்ளைகளையும் வயசானவர்களையும் கூட்டிக்கொண்டு கீழே பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்றார். யாரும் அசையவில்லை.

"ஆபீசர் வந்து சொல்லட்டும்மா."

"நாந்தாண்ணே ஆபீசர்."

"அது இல்ல. பெரிய ஆபீசர். நீ நம்ம புள்ள. மேல ஏறிட்டுப் பயந்து போயிட்ட."

அப்பா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு சூடமும் ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரும் எடுத்துக்கொண்டு தனியாக மேலே போனார். நாங்கள் ஏறிய தீட்டைக் கழிக்கத்தான் போனார். திரும்பி வந்தபோது செம்பு கையில் இல்லை. லயத்து இஸ்தோப்புத் திண்ணையில் ஏறி நின்றார்.

"நான் போட்ட சிமெந்து. கால உள்ள விடலாம் போல வெடிச்சிருக்கு. முளையப் புடுங்குனதும் நாங்கதான். எல்லாரும் எறங்குங்க."

இறங்கினார்கள். பாய், பானை, பிள்ளை, ஆடு எல்லாவற்றோடும் இறங்கினார்கள். அக்கா சொன்னதைத்தான் அப்பா சொன்னார். அதில் ஒரு சொல் கூடப் புதிதில்லை. எனக்குக் கோபம் வந்தது. போகும் வழியில் அக்காவிடம் சொன்னேன்.

அக்கா, "என் வாயில வந்தா பயம். அப்பா வாயில வந்தா சேதி. விடு. எறங்குனாங்கல்ல" என்றார். அதைச் சொல்லும்போது அவர் கிழவி ஒருத்தியை முதுகில் தூக்கியிருந்தார்.

பள்ளிக்கூடத்தில் இரண்டு இரவு இருந்தோம். ஒன்றும் விழவில்லை. மூன்றாம் நாள் வெயில் அடித்தது. அப்படி ஒரு வெயில். ஆபீசிலிருந்து வந்தவர் ரோட்டில் நின்று பார்த்துவிட்டு, முடிவை மிஸ்ஸே சொல்லட்டும் என்று போய்விட்டார். பெரட்டுக்கு ஆள் வரவில்லை என்று வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா வந்து கத்தினார். ஆண்கள் வீட்டுக்குப் போகக் கிளம்பினார்கள். சிரிப்பு வேறு. "மிஸ்ஸூ, மலை லீவுல போயிருச்சோ?"

அப்பாவும் மாறிவிட்டார். "வெயில் அடிச்சிருச்சு பெரிய புள்ள. சாமி எறங்கிட்டாரு. போகச் சொல்லிரு."

"மழதாம்ப்பா விட்டுருக்கு. தண்ணி உள்ளதான் இருக்கு."

அக்கா பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போது அவர் சொன்னதை யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

"விழலேன்னா, பொம்பளைய அனுப்புனா இப்பிடித்தான்னு சொல்லுவாங்க. எனக்குப் பின்னால ஒரு புள்ளையையும் மலைக்கு அனுப்ப மாட்டாங்க. விழுந்தா நம்ம வீடு போயிரும். எதக் கேட்டுடி சாமி கும்புடுறது?"

உள்ளே போனேன். பெண்கள் சோற்றுக்கு உலை வைத்திருந்தார்கள். நான் அவர்களிடம், "பானைய எடுக்காதீங்க. புள்ளைங்கள விடாதீங்க. அக்கா சொல்ற வரைக்கும் நாம எழும்பக் கூடாது" என்றேன். நான் நாலு பேர் மத்தியில் பேசியது அதுதான் முதல் தடவை. அம்மாதான் முதலில் அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பிறகு எல்லாப் பெண்களும் உட்கார்ந்தார்கள். ஆண்கள் வாசல் வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தார்கள். சோறு இங்கே, பிள்ளை இங்கே. அங்கே போய் என்ன செய்வது? கெட்ட வார்த்தை பேசிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள்.

என் வீட்டுக்காரர் மட்டும் உட்காரவில்லை. கோழிக்கு இரை போட்டுவிட்டு வருகிறேன் என்று யாருக்கும் தெரியாமல் போய்விட்டார்.

சோறு வடிக்கிற நேரம் அந்தச் சத்தம் வந்தது. இடி மாதிரி இல்லை. பெரிய லொறி ஒன்று கல்லைக் கொட்டுவது மாதிரி, நிற்காமல் கொட்டிக்கொண்டே இருந்தது. வெளியே ஓடினோம். கோயில் இருந்த இடம் நடந்து வந்துகொண்டிருந்தது. மரம் நின்றபடியே வந்தது. எங்கள் லயத்தின் தகரக் கூரை ஒரு தடவை பளிச்சென்றது. பிறகு காணவில்லை. பச்சை மண் வாடை மூக்கை அடைத்தது.

நான் என் வீட்டுக்காரர் பேரைச் சொல்லிக் கத்தினேனாம். எனக்கு ஞாபகம் இல்லை. அவர் லயத்துக்குப் போகும் வழியில் உள்ள பாலத்தடியிலிருந்து ஏறி வந்தார். உடம்பெல்லாம் சேறு. கக்கத்தில் ஒரே ஒரு கோழி. நான் அவரை எல்லோர் முன்னாலும் அடித்தேன். அவர் வாங்கிக்கொண்டார்.

அக்கா ஒவ்வொருவர் தலையையும் தொட்டு எண்ணினார். அறுபத்தொன்பது என்று முடித்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணினார். "போதும் பெரிய புள்ள, எல்லாரும் இருக்கோம்" என்று அப்பா சொல்லியும் நிறுத்தவில்லை. எண்ணிக்கொண்டே அழுதார்.

அதன் பிறகு ஆபீசில் அக்காவை மேசையில் உட்காரச் சொல்லவில்லை. மலைக்குப் போகும் வேலைக்குப் பெண் பிள்ளைகளையும் எடுத்தார்கள். அளவான பூட்ஸ் வந்தது. அளவை எடுக்கிற வேலையைத் தோட்டத்துப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று அக்கா கேட்டு வாங்கினார். ஆண்கள் பார்க்காததைக் கொழுந்து எடுக்கிறவள் தினமும் பார்க்கிறாள் என்பார். நானும் கற்றுக்கொண்டேன்.

கோயிலும் கல்லும் மண்ணோடு போய்விட்டன. சாமியை இப்போது ரோட்டோரம் வைத்திருக்கிறோம். அப்பா புதுக் கல் வைக்கவில்லை. வைக்கச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். "பார்ப்போம்" என்கிறார்.

அடுத்த மழையில் கொத்மலைப் பக்கம் வேறொரு சரிவைப் பார்க்கப் போய், அக்கா சேற்றுத் தண்ணீரில் நாள் முழுக்க நின்றார். காய்ச்சல் வந்தது. அதோடேயே மறுநாளும் போனார். எலிக்காய்ச்சல் என்று தெரிந்தபோது சிறுநீரகம் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தெளிவாகப் பேசியது என் மகளிடம். "கேம்பஸ்ல என்ன படிக்கப் போற?" என்று கேட்டார். அவள் சொன்னாள். அக்கா தலையை ஆட்டினார்.

என் மகள் பொறியியல் படிக்கத் தெரிவாகியிருக்கிறாள். அக்காவின் வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். சொந்தக்காரர்கள் என்னிடம், ஒருத்தியைக் கொடுத்தது போதாதா என்கிறார்கள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. மழைச் சத்தம் கேட்டால் அவள் படுத்திருக்கும் பக்கம் பார்க்கிறேன். போகட்டும் என்று சொல்லிவிட்டேன். பயம் போன பிறகு அனுப்பலாம் என்றால் எந்தப் பிள்ளையும் போகாது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடிக் கதவைப் பிறகு திறந்துவிட்டு அப்பாவை உள்ளே விட்ட நர்ஸ் அம்மா. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வரைக்கும் ஜீப்பைத் தானே ஓட்டி வந்து, மூன்று நாள் எங்களோடு இருந்த குணே மாத்தயா. பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்ட அதிபர் ஐயா. அக்காவின் ஆபீசிலிருந்து வந்து பெட்டிக்குத் தோள் கொடுத்த இரண்டு பெண் ஆபீசர்கள். பெண்கள் தோள் கொடுக்கலாமா என்று யாரோ கேட்டபோது, அப்பாதான் விலகி இடம் விட்டார்.

மேல் லயத்து ஆட்கள் இப்போது பல இடத்தில் இருக்கிறார்கள். வட்டகொடையில் சிலர், கொழும்பில் சிலர். அடக்கத்தன்று எல்லோரும் வந்தார்கள். நடக்க முடியாதவர்களைத் தூக்கி வந்தார்கள். அக்கா இல்லாததால் அன்று நான் எண்ணினேன்.

அறுபத்தொன்பது பேர்.